ஆண்டுக்கு ஒரு வாரம் சொந்த வீடு!

டிஸ்னி உலகில் பங்கு வாங்கும் குடும்பங்கள்

சொந்த வீடு என்றால், ஆண்டு முழுவதும் அதில் குடியிருக்கலாம். வாடகை வீடு என்றால், வாடகை கொடுக்கும் வரை குடியிருக்கலாம்.

இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது வகை வீடு ஒன்று உண்டு. ஆண்டுக்கு ஒரு வாரம் மட்டும் அது உங்களுக்குச் சொந்தம். மற்ற வாரங்களில் வேறு யார் யாருக்கோ சொந்தம்!

இது விடுகதை அல்ல. அமெரிக்காவில் லட்சக்கணக்கான குடும்பங்கள் இப்படி "ஒரு வார வீடு" வாங்கி வைத்திருக்கின்றன. பணம் கொடுத்து, ஒப்பந்தம் எழுதி வாங்குகிறார்கள். பள்ளிக்கூடம் விடுமுறை விட்டதும், பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு, பிள்ளைகளோடு புறப்பட்டு விடுகிறார்கள்.

இதற்கு "டைம்ஷேர்" என்று பெயர். தமிழில் "காலப் பங்கு" என்று சொல்லலாம்.

கேளிக்கைப் பூங்காக்களுக்குப் பக்கத்தில் உள்ள விடுதிகளில் இந்தப் பங்குக்கு மவுசு அதிகம். ஒரு தடவை பார்த்த குழந்தை, "மறுபடியும் போகலாம்" என்று அடம் பிடிக்கும் இடம் அல்லவா அது! அவற்றில் மிகவும் பெயர் பெற்றவை, டிஸ்னி கம்பெனியின் விடுதிகள்.

அங்கே பங்கு வாங்கினால் என்ன வசதி? என்ன லாபம்? எந்த இடத்தில் உஷாராக இருக்க வேண்டும்?

இதோ விவரம்.

கிணற்று முறை

காலப் பங்கு என்பது நமக்குப் புரியாத சங்கதி அல்ல.

கிராமத்தில் ஒரே கிணறு. பங்காளிகள் நான்கு பேர். "இன்று உன் முறை, நாளை என் முறை" என்று நாள் வைத்துத் தண்ணீர் இறைப்பார்கள். கிணறு வெட்டிய செலவு நான்கு பேருக்கும் பொது. தூர் வாரும் செலவும் நான்கு பேருக்கும் பொது. முறை வந்த அன்று இறைக்காமல் ஊருக்குப் போய்விட்டால், அந்த முறை போனது போனதுதான்!

காலப் பங்கும் இதே கதைதான். கிணற்றுக்குப் பதிலாக விடுதியில் ஒரு வீடு. நான்கு பங்காளிகளுக்குப் பதிலாக ஐம்பது குடும்பங்கள். ஆண்டுக்கு 52 வாரம் அல்லவா? வெள்ளையடிக்கவும் பழுது பார்க்கவும் ஓரிரு வாரத்தை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை வாரம் வாரமாக விற்றுவிடுகிறார்கள்.

எங்கே தொடங்கியது?

இந்த யோசனை பிறந்த இடம் ஐரோப்பா. 1963-ம் ஆண்டு சுவிட்சர்லாந்து நாட்டில் "ஹாப்பிமாக்" என்ற நிறுவனம் தொடங்கியது. பலரிடம் பணம் திரட்டி விடுமுறை வீடுகளை வாங்கியது. பணம் போட்டவர்கள் முறை வைத்துத் தங்கினார்கள். அதே 1960-களில், பிரான்சு நாட்டு ஆல்ப்ஸ் மலையில், பனிச்சறுக்கு விளையாட வருகிறவர்களுக்கும் இப்படிப் பங்கு விற்றார்கள்.

பிறகு இது அமெரிக்காவுக்குப் போயிற்று. 1974-ம் ஆண்டு அங்கே, பங்குகளை மாற்றிக்கொள்ள உதவும் ஒரு நிறுவனமும் வந்தது. கடற்கரையில் பங்கு வைத்திருப்பவர் மலைக்குப் போகலாம். மலையில் பங்கு வைத்திருப்பவர் கடற்கரைக்குப் போகலாம்!

இந்தியாவுக்கும் இந்த முறை வந்துவிட்டது. ஸ்டெர்லிங் நிறுவனம் 1986-ம் ஆண்டிலும், மகிந்திராவின் விடுமுறை விடுதி நிறுவனம் 1996-ம் ஆண்டிலும் தொடங்கின. ஊட்டியிலும் அவற்றுக்கு விடுதிகள் உண்டு.

டிஸ்னி உலகம்

மிக்கி மவுஸ் என்ற சுண்டெலியைத் திரையில் ஓடவிட்டுப் புகழ் பெற்றவர் வால்ட் டிஸ்னி. அவர் 1955-ம் ஆண்டு, கலிபோர்னியா மாநிலத்தில் "டிஸ்னிலேண்ட்" என்ற கேளிக்கைப் பூங்காவைத் திறந்தார். அடுத்து, புளோரிடா மாநிலத்தில் இன்னும் பெரிதாக ஒன்றை அமைக்கத் திட்டம் போட்டார். அது முடிவதற்குள், 1966-ம் ஆண்டு காலமானார்.

அவருடைய அண்ணன் ராய் டிஸ்னி அந்த வேலையை முடித்தார். 1971-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி "வால்ட் டிஸ்னி உலகம்" திறக்கப்பட்டது.

அதன் பரப்பு சுமார் 100 சதுர கிலோமீட்டர். உள்ளே நான்கு பெரிய பூங்காக்கள். ஏரிகள், காடு, விடுதிகள், பஸ், படகு, ஒற்றைத் தண்டவாள ரயில் எல்லாம் உண்டு. அது ஒரு தனி ஊர்! ஒரே நாளில் பார்த்து முடிக்க யாராலும் முடியாது. நான்கு நாளாவது தங்க வேண்டும். தங்குவதற்கு அறை வேண்டும். அறைக்கு வாடகை தினம் தினம் ஏறுகிறது!

இங்கேதான் கம்பெனிக்குக் காலப் பங்கு யோசனை தோன்றியது. 1991-ம் ஆண்டு "டிஸ்னி விடுமுறைச் சங்கம்" தொடங்கியது. அந்த ஆண்டு டிசம்பரில் முதல் விடுதி திறக்கப்பட்டது. இன்று அதன் பெயர் "ஓல்டு கீ வெஸ்ட்". இப்போது புளோரிடா, கலிபோர்னியா, தெற்கு கரோலினா, ஹவாய் ஆகிய மாநிலங்களில் 15-க்கும் மேற்பட்ட விடுதிகள் இந்தச் சங்கத்தில் இருக்கின்றன.

வாரம் போய்ப் புள்ளி வந்தது

பழைய முறையில் ஒரு தொல்லை உண்டு. "ஜூன் மாதம் இரண்டாவது வாரம்" என்று வாங்கியவர், ஒவ்வொரு ஆண்டும் அதே வாரத்தில்தான் போக வேண்டும். அந்த வாரத்தில் வீட்டில் கல்யாணம் வந்தால்? பிள்ளைக்குப் பரீட்சை வந்தால்?

டிஸ்னி கம்பெனி இதற்கு ஒரு வழி செய்தது. வாரத்தை விற்காமல் "புள்ளி" விற்றது.

உதாரணமாக, ஒரு குடும்பம் 150 புள்ளி வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுதோறும் அந்தக் குடும்பத்தின் கணக்கில் 150 புள்ளி வரவு வைக்கப்படும். தங்கும் ஒவ்வோர் இரவுக்கும் இத்தனை புள்ளி என்று அட்டவணை உண்டு. தங்கத் தங்கப் புள்ளி கழியும்.

சிறிய அறைக்குக் குறைந்த புள்ளி. பெரிய வீட்டுக்கு அதிகப் புள்ளி. கூட்டம் இல்லாத மாதத்தில் குறைவு. கிறிஸ்துமஸ் சமயத்தில் அதிகம். ஜன்னலைத் திறந்தால் நல்ல காட்சி தெரியும் அறைக்கு இன்னும் அதிகம்.

ஆகவே, இந்த ஆண்டு சிறிய அறையில் ஒரு வாரம் தங்கலாம். அடுத்த ஆண்டு பெரிய வீட்டில் மூன்றே நாள் தங்கலாம். எப்போது, எங்கே, எத்தனை நாள் என்பது குடும்பத்தின் இஷ்டம்.

சேமிப்பும் உண்டு, கடனும் உண்டு

இந்த ஆண்டு போக முடியவில்லையா? 150 புள்ளிகளை அடுத்த ஆண்டுக்குச் சேமித்து வைக்கலாம். போன ஆண்டுச் சேமிப்பு 150, இந்த ஆண்டு 150, ஆக 300 புள்ளி!

அதுவும் போதாதா? அடுத்த ஆண்டின் 150 புள்ளிகளை முன்கூட்டியே கடனாக எடுத்துக்கொள்ளலாம். மொத்தம் 450 புள்ளி. தாத்தா, பாட்டி, மாமா, அத்தை எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய் ஒரே வீட்டில் தங்கலாம். மூன்று படுக்கை அறை கொண்ட பெரிய வீட்டில் 12 பேர் வரை தங்க இடம் இருக்கிறது.

ஆனால் கெடு உண்டு. ஒவ்வொருவருக்கும் கணக்கு ஆண்டு ஒரு மாதத்தில் தொடங்கும். அதிலிருந்து எட்டு மாதத்துக்குள் சேமிப்புக்குச் சொல்லிவிட வேண்டும். மறந்துவிட்டால் சேமிக்க முடியாது. ஆண்டு முடிந்தால் மிச்சப் புள்ளி மறைந்துவிடும்.

கடைசி நேரத்தில் பயணத்தை ரத்து செய்தாலும் சங்கடம்தான். புறப்படும் நாளுக்கு 30 நாட்களுக்குள் ரத்து செய்தால், திரும்பி வரும் புள்ளிகளை நினைத்தபடி செலவிட முடியாது. கட்டுப்பாடு வந்துவிடும்.

முதல் பந்தி

பங்கு வாங்கியவருக்கு ஒரு "தாய் விடுதி" உண்டு. அவர் எந்த விடுதியில் பங்கு வாங்கினாரோ, அதுவே தாய் விடுதி.

அந்த விடுதியில் 11 மாதம் முன்னதாகவே அறை பதிவு செய்துகொள்ளலாம். மற்ற விடுதிகளில் 7 மாதம் இருக்கும்போதுதான் பதிவு செய்ய முடியும். அதாவது, நான்கு மாத காலத்துக்குச் சொந்தப் பங்காளிகளுக்கு முதல் பந்தி. அதன் பிறகே வெளி விடுதிக்காரர்களுக்கு இலை போடப்படும்!

டிசம்பர் மாதத்தில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஏழு மாதம் வரும்போது பல விடுதிகளில் சிறிய அறைகள் தீர்ந்து போயிருக்கும். ஆகவே அனுபவசாலிகள் சொல்வது இதுதான்: "எங்கே தங்க ஆசையோ, அங்கேயே பங்கு வாங்கு."

அடுப்பங்கரையும் ஒட்டகச்சிவிங்கியும்

சாதாரண ஓட்டல் அறையில் கட்டிலும் நாற்காலியும் இருக்கும். இந்த விடுதிகளில் ஒரு படுக்கை அறை வீடு எடுத்தால், முழுச் சமையல் அறையே இருக்கும். அடுப்பு, குளிர்பெட்டி, பாத்திரங்கள், தட்டுகள் எல்லாம் தயார். துணி துவைக்க இயந்திரமும் உண்டு. சிறிய அறையில்கூட ஒரு சின்னக் குளிர்பெட்டியும், உணவைச் சூடாக்கும் கருவியும் வைத்திருக்கிறார்கள்.

இது சின்ன விஷயம் அல்ல. பூங்காவுக்குள் நான்கு பேர் மூன்று வேளையும் ஓட்டலில் சாப்பிட்டால் பணம் தண்ணீராகக் கரையும். காலைப் பலகாரத்தை அறையிலேயே முடித்துக்கொண்டால் பெரிய மிச்சம். கைக்குழந்தைக்கு நினைத்த நேரத்தில் பால் காய்ச்சலாம். துணி துவைத்துக்கொள்ள முடிவதால், பாதிப் பெட்டியோடு புறப்படலாம்.

சில விடுதிகளில் காட்சியே விருந்து. "அனிமல் கிங்டம்" வில்லாக்களில் புல்வெளிப் பக்கம் அறை கிடைத்தால், காலையில் மாடி முகப்பில் நின்று காப்பி குடிக்கலாம். எதிரே ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் மேய்ந்துகொண்டிருக்கும்! குழந்தைகள் பூங்காவுக்கு வரவே மறுப்பார்கள்.

"பே லேக் டவர்" விடுதியிலிருந்து பெரிய பூங்காவுக்கு நடந்தே போகலாம். "பீச் கிளப்", "போர்டுவாக்" விடுதிகளிலிருந்து "எப்காட்" பூங்காவுக்கு நடந்து போகலாம். "ரிவியரா" விடுதியிலிருந்து கம்பிவடத்தில் தொங்கும் பெட்டியில் ஏறி, ஆகாய வழியாகப் போகலாம்! தூங்கிவிட்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பும் தகப்பனாருக்கு, விடுதி பக்கத்தில் இருப்பதன் அருமை தெரியும்.

என்னென்ன சலுகை?

இவை தவிர வேறு சலுகைகளும் உண்டு.

கம்பெனி விடுதியில் தங்குகிறவர்கள், மற்றவர்களைவிட அரை மணி நேரம் முன்னதாகப் பூங்காவுக்குள் போகலாம். 2021-ம் ஆண்டு இந்த ஏற்பாடு வந்தது. வரிசை நீளுவதற்குள் இரண்டு ராட்டினம் ஏறிவிடலாம். இது பங்குதாரர்களுக்கு மட்டும் உள்ள சலுகை அல்ல. அங்கே தங்கும் எல்லோருக்கும் உண்டு.

பங்குதாரர்களுக்கென்றே தனியாகவும் சில உண்டு. பூங்காவின் ஆண்டுச் சீட்டு வாங்குவதில் சலுகை. பல சாப்பாட்டுக் கடைகளிலும் சாமான் கடைகளிலும் தள்ளுபடி. சில இரவுகளில், பூங்கா மூடிய பிறகு அவர்களுக்கு மட்டும் திறந்துவிடுவார்கள். 2016-ம் ஆண்டு எப்காட் பூங்காவுக்குள், பங்குதாரர்கள் உட்கார்ந்து குளிர்பானம் குடித்து இளைப்பாற ஓர் அறையும் திறந்தார்கள்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. புள்ளி என்பது தங்குவதற்கு மட்டுமே. பூங்கா நுழைவுச் சீட்டு தனி. விமான டிக்கெட் தனி. சாப்பாடு தனி!

உரிமை வேறு, சலுகை வேறு

பங்கு வாங்க நினைப்பவர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது இனிமேல்தான் வருகிறது.

ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது உரிமை. ஆண்டுக்கு இத்தனை புள்ளி, இன்ன விடுதி, இன்ன தேதி வரை என்று அதில் இருக்கும். அதைக் கம்பெனி தன் இஷ்டத்துக்குப் பறிக்க முடியாது.

தள்ளுபடி, தனி அறை, இரவுக் கேளிக்கை எல்லாம் சலுகை. கம்பெனி மனம் வைத்துக் கொடுப்பது. இன்று கொடுக்கலாம். நாளை நிறுத்தலாம். அப்படி நிறுத்த இடம் உண்டு என்று ஒப்பந்தத்திலேயே சொல்லியிருப்பார்கள்.

இதற்கு உதாரணம் வேண்டுமா?

2005-ம் ஆண்டு, விமான நிலையத்திலிருந்து விடுதிக்கு இலவச பஸ் விட்டார்கள். பெட்டியைக்கூட அவர்களே அறைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஜனங்கள் மகிழ்ந்தார்கள். 2022-ம் ஆண்டுத் தொடக்கத்தில் அந்த இலவச பஸ் நின்றுவிட்டது. பஸ்ஸை நம்பிப் பங்கு வாங்கியவர் என்ன செய்ய முடியும்? வாடகைக் கார்தான்!

மற்றொன்று. பங்கைக் கம்பெனியிடம் நேராக வாங்கலாம். ஏற்கனவே வாங்கியவரிடமிருந்து, இரண்டாம் கையாகவும் வாங்கலாம். இரண்டாம் கை விலை பெரும்பாலும் குறைவு. ஆனால் சலுகையும் குறைவு.

2011-ம் ஆண்டு மார்ச் மாதத்துக்குப் பிறகு இரண்டாம் கையாக வாங்கியவர்கள், அந்தப் புள்ளியைக் கொண்டு கம்பெனியின் கப்பல் பயணத்துக்குப் போக முடியாது. 2016-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்துக்குப் பிறகு அப்படி வாங்கியவர்களுக்கு, தள்ளுபடி முதலிய சலுகைகளும் கிடையாது. 2019-ம் ஆண்டு ஜனவரிக்குப் பிறகு இன்னொரு கட்டுப்பாடு வந்தது. அதுவரை இருந்த 14 விடுதிகளில் ஒன்றில் இரண்டாம் கையாகப் பங்கு வாங்கினால், ரிவியரா விடுதியில் அந்தப் புள்ளி செல்லாது. ரிவியராவில் இரண்டாம் கையாக வாங்கினால், ரிவியராவில் மட்டுமே தங்கலாம்!

புள்ளி ஒன்றுதான். ஆனால் யாரிடம் வாங்கினோம், எப்போது வாங்கினோம் என்பதைப் பொறுத்து அதன் பலம் மாறுகிறது.

கணக்குப் பார்த்த பங்குதாரர்கள்

உரிமை என்று ஒன்று இருந்தால், அதைக் காப்பாற்றக் கண்விழித்திருக்க வேண்டும். அதற்கும் ஒரு நிகழ்ச்சி உண்டு.

ஒரு விடுதியில் உள்ள எல்லா அறைகளுக்கும், ஆண்டு முழுவதற்கும் சேர்த்து, மொத்தப் புள்ளி இவ்வளவு என்று கணக்கு உண்டு. கம்பெனி ஓர் இரவுக்குப் புள்ளியைக் கூட்டினால், வேறோர் இரவுக்குக் குறைக்க வேண்டும். நாணயத்துக்காக வைத்த விதி இது.

2018-ம் ஆண்டு டிசம்பரில், 2020-ம் ஆண்டுக்கான புள்ளி அட்டவணை வெளிவந்தது. பங்குதாரர்கள் அதைச் சும்மா வாங்கி வைத்துக்கொள்ளவில்லை. பழைய அட்டவணையைப் பக்கத்தில் வைத்து, வரி வரியாகக் கூட்டிப் பார்த்தார்கள். சிறிய அறைகளுக்குப் புள்ளி ஏறியிருந்தது. "இது ஒப்பந்தப்படி சரியல்ல" என்று பலர் ஆட்சேபித்தார்கள்.

அடுத்த மாதமே கம்பெனி அந்த அட்டவணையை வாபஸ் வாங்கிக்கொண்டு, திருத்திய அட்டவணையை வெளியிட்டது.

கூட்டல் கணக்கு தெரிந்தால் போதும். தன் பங்கைத் தானே காத்துக்கொள்ளலாம்.

தூர் வாரும் செலவு

கிணற்றைத் தூர் வாரும் செலவு பங்காளிகளுக்குப் பொது என்று பார்த்தோம் அல்லவா? இங்கேயும் ஆண்டுக் கட்டணம் உண்டு.

வெள்ளையடிப்பது, மெத்தை மாற்றுவது, நீச்சல் குளம், காவல், இன்சூரன்ஸ், வீட்டு வரி எல்லாவற்றுக்கும் ஆன செலவைப் புள்ளிக் கணக்கில் பிரித்துப் பங்குதாரர்களிடம் வசூலிக்கிறார்கள். இந்தக் கட்டணம் விடுதிக்கு விடுதி மாறும். புயல் வீசும் கடற்கரையில் இருக்கும் "வீரோ பீச்" விடுதியின் கட்டணம், பூங்காவுக்குப் பக்கத்தில் இருக்கும் விடுதிகளைவிட அதிகம்.

கணக்குப் பார்ப்போம். 1991-ம் ஆண்டு ஒரு புள்ளியின் விலை சுமார் 50 டாலர். 2020-களில் புதிய விடுதிகளில் அது 200 டாலரைத் தாண்டிவிட்டது. புள்ளிக்கு 200 டாலர் என்றே வைத்துக்கொண்டாலும், 150 புள்ளிக்கு 30,000 டாலர் ஆகிறது. இது ஒரு தடவை கொடுப்பது. ஆண்டுக் கட்டணம் புள்ளிக்கு 9 டாலர் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 1,350 டாலர். இது ஒவ்வோர் ஆண்டும் கொடுப்பது. ஆண்டு செல்லச் செல்ல ஏறக்கூடியது.

போனாலும் கொடுக்க வேண்டும். போகாவிட்டாலும் கொடுக்க வேண்டும்!

2020-ம் ஆண்டு கொரோனா நோய் பரவியபோது இது எல்லோருக்கும் புரிந்தது. மார்ச் மாதத்தில் டிஸ்னி உலகம் மூடப்பட்டது. ஜூலை மாதம்தான் பூங்காக்கள் திறந்தன. பயணம் ரத்து. ஆனால் கட்டிடத்துக்கு வரி கட்ட வேண்டும், காவல் போட வேண்டும் அல்லவா? ஆண்டுக் கட்டணம் நிற்கவில்லை.

2042-ல் என்ன ஆகும்?

சொந்தம் என்கிறார்கள். எத்தனை நாளைக்குச் சொந்தம்?

டிஸ்னி விடுதிப் பங்குக்கு ஆயுள் உண்டு. நிலம் கம்பெனிக்கே சொந்தம். ஓல்டு கீ வெஸ்ட் விடுதியில் முதலில் விற்ற பங்குகள், 2042-ம் ஆண்டு ஜனவரி 31-ந் தேதியோடு முடிகின்றன. 2007-ம் ஆண்டு, கூடுதலாகப் பணம் கட்டினால் 2057 வரை நீட்டித்துத் தருவதாகக் கம்பெனி சொன்னது. சிலர் கட்டினார்கள். சிலர் கட்டவில்லை. ஆகவே ஒரே விடுதியில், பக்கத்துப் பக்கத்துப் பங்குதாரர்களுக்கு வேறு வேறு முடிவுத் தேதி!

1991-ம் ஆண்டு பெற்றோரின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கே போன 10 வயதுச் சிறுமிக்கு, 2042-ம் ஆண்டில் வயது 61. பேரன் பேத்தி எடுத்திருக்கலாம். அதுவரை அந்தப் பங்கு அவள் பெயருக்கு மாறி, அவள் பிள்ளைகளும் அனுபவிக்கலாம். பெற்றோர் பங்கைப் பிள்ளைகளுக்கு உயில் எழுதி வைக்க இடம் இருக்கிறது. ஆண்டுக் கட்டணமும் பங்கோடு சேர்ந்தே வரும்!

அந்தத் தேதி தாண்டினால் பங்கும் இல்லை, புள்ளியும் இல்லை. நிலம் வாங்கிப் போட்டால் விலை ஏறும் என்று நினைப்பதுபோல் இதை நினைக்கக் கூடாது. இது விடுமுறைக்காகக் கொடுக்கும் பணம். முதலீடு அல்ல.

விற்க வேண்டும் என்றால்?

குடும்பத்தில் கஷ்டம் வந்து பங்கை விற்க நினைத்தால், விற்கலாம். வாங்குகிறவரோடு விலை பேசி, கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும். அதே விலைக்குத் தானே வாங்கிக்கொள்ளும் முதல் உரிமை கம்பெனிக்கு உண்டு. கம்பெனி வேண்டாம் என்றால் மற்றவருக்குப் போகும்.

டிஸ்னி பங்குக்கு இரண்டாம் கைச் சந்தை இருக்கிறது. எல்லா விடுதிப் பங்குக்கும் அப்படி இல்லை. அமெரிக்காவில் பல இடங்களில், காலப் பங்கை வாங்கியவர்கள் கிட்டத்தட்ட இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க ஆள் இல்லாமல் திண்டாடுகிறார்கள். ஆண்டுக் கட்டணத்துக்குப் பயந்து யாரும் கை நீட்டுவதில்லை.

இந்தத் திண்டாட்டத்தைப் பயன்படுத்தி ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். "உங்கள் பங்கை விற்றுத் தருகிறோம். முதலில் கட்டணம் கட்டுங்கள்" என்று டெலிபோனில் பேசுவார்கள். பணம் போனதும் ஆளும் போய்விடுவான்! அமெரிக்க அரசாங்கத்தின் வர்த்தகக் கமிஷன் இதைப் பற்றி மக்களை எச்சரித்திருக்கிறது.

பத்து நாள் அவகாசம்

பங்கு விற்பனை நடக்கும் இடத்தில் உபசாரம் பலமாக இருக்கும். "சும்மா வந்து பாருங்கள்" என்பார்கள். பலகாரம் கிடைக்கும். சில கம்பெனிகள் பூங்கா டிக்கெட்டைக்கூட மலிவாகக் கொடுக்கும். குழந்தைகள் விளையாடத் தனி இடம் இருக்கும். பேச்சு இனிக்கும். "இந்த விலை இன்றைக்கு மட்டும்" என்பார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு அறைக்கு வந்த பிறகுதான் மனம் அடித்துக்கொள்ளும்.

இதற்காகவே புளோரிடா மாநிலச் சட்டத்தில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டு, கடைசிப் பத்திரமும் கைக்கு வந்த நாளிலிருந்து பத்து நாட்களுக்குள், "எனக்கு வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்துவிடலாம். காரணம் சொல்ல வேண்டியது இல்லை. கட்டிய பணத்தைத் திருப்பித் தந்துவிட வேண்டும். "எனக்கு அந்தப் பத்து நாள் வேண்டாம்" என்று வாங்குகிறவரே எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது!

அந்தப் பத்து நாளில் ஒப்பந்தத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். புரியாவிட்டால் தெரிந்தவரிடம் காட்டிக் கேட்க வேண்டும்.

யாருக்கு லாபம்?

ஆண்டுதோறும், அல்லது இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவையாவது, அந்தப் பூங்காவுக்குப் போகும் குடும்பத்துக்கு இது லாபம். பதினொரு மாதம் முன்னதாகத் திட்டம் போடும் பழக்கம் உள்ளவர்களுக்கு லாபம். கடன் வாங்காமல், கைப்பணத்தில் வாங்குகிறவர்களுக்கு லாபம்.

வாழ்நாளில் ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு வரப் போகிறவர்களுக்கு இது வேண்டாம். வாடகை அறையே போதும். விடுமுறை எப்போது கிடைக்கும் என்று தெரியாத வேலையில் இருப்பவர்களுக்கும் வேண்டாம். வட்டிக்குக் கடன் வாங்கி வாங்குகிறவர்களுக்கு நிச்சயமாக வேண்டாம். மிச்சம் பிடிக்கும் வாடகையை வட்டி தின்றுவிடும்.

வாங்கத்தான் போகிறோம் என்றால், கையெழுத்துப் போடுவதற்கு முன் ஐந்து கேள்வி கேட்க வேண்டும்.

ஆண்டுக் கட்டணம் இன்று எவ்வளவு? கடந்த பத்து ஆண்டில் எவ்வளவு ஏறியிருக்கிறது?

எந்தத் தேதியில் பங்கு முடிகிறது?

நமக்கு வேண்டிய மாதத்தில், வேண்டிய அறைக்கு, எத்தனை புள்ளி ஆகும்?

இதைத் திரும்ப விற்றால், வாங்குகிறவருக்கு என்னென்ன கிடைக்காது?

விற்பனைக்காரர் வாயால் சொன்ன வசதிகளில், ஒப்பந்தத்தில் எழுத்தில் இருப்பவை எவை?

ஐந்தாவது கேள்விக்குப் பதில் வந்ததும், தள்ளுபடி, தனி அறை, இலவச பஸ் எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். மிச்சம் இருப்பது ஆண்டுக்கு இத்தனை புள்ளி, ஒரு வீடு, ஓர் அடுப்பங்கரை. அதற்கு மட்டும் இந்த விலை தகுமா என்று கணவனும் மனைவியும் கலந்து பேசுங்கள். தகும் என்று இருவருக்கும் தோன்றினால், தாராளமாக வாங்கலாம். ஒட்டகச்சிவிங்கி காத்திருக்கிறது!